பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் வீட்டில் பன் சுடுவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடை பிரெட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் எண்களைப் பற்றித்தான் கேட்டிருந்தன. அதனால் இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் நைனா ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு பேக்கரியில் பிரெட் மாஸ்டர். நான் வேதியியல் படித்துவிட்டு, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் பேக்கிங் சொல்லிக் கொடுக்கிறேன்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. காலையில் பிரெட் இரண்டு துண்டு சாப்பிட்டால்தான் பள்ளிக்குக் கிளம்புவான். பாக்கெட்டின் பின்னால் 282, 471, 481, 300, 1100 என்று எண்களாகப் போட்டிருக்கிறது. மாமியார் 'இதெல்லாம் விஷம், பிள்ளைக்குக் கொடுக்காதே' என்கிறார். கணவர் 'அரசாங்கம் அனுமதித்ததுதானே' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
*– வாசகி, கொருக்குப்பேட்டை*

பதில்: விஷமா இல்லையா என்று கேட்டால் இந்தச் சண்டை தீராது அம்மா. நான் ஒவ்வொரு எண்ணிடமும் வேறொன்று கேட்பேன்: நீ யாருக்குப் பதிலாக இங்கே வந்து நிற்கிறாய்?

300-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது வைட்டமின் சி-தான். நெல்லிக்காயில் இருக்கும் அதே பொருள். ஆனால் சத்துக்காகப் போடுவதில்லை, அடுப்புச் சூட்டில் அது அழிந்துவிடும். மாவின் பசையை இறுக்கி, சீக்கிரம் உப்ப வைப்பதற்காகப் போடுகிறார்கள். எங்கள் நைனா சாயங்காலம் 5 மணிக்கு மாவு பிசைந்து மூடி வைத்தால், ராத்திரி 11 மணிக்குத்தான் அதை வெட்டி அச்சில் போடுவார். அந்த ஆறு மணி நேரத்தில் மாவு தானாகவே வலுப்பட்டுவிடும், புளிப்பும் வாசனையும் ஏறும். பெரிய தொழிற்சாலையில் பிசைவதிலிருந்து துண்டு போடுவது வரை எல்லாமே சில மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும். ஆக, 300 வந்திருப்பது நேரத்துக்குப் பதிலாக.

1100 என்பது அமைலேஸ் என்னும் நொதி. மாவிலிருக்கும் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் சர்க்கரையாக உடைத்து ஈஸ்ட்டுக்குத் தீனி போடும், பிரெட்டையும் மெத்தென்று வைக்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால், சாதாரண கேழ்வரகுக் கஞ்சியைவிட நீர்த்து, லேசாக இனிக்கும் அல்லவா? அங்கேயும் இந்த நொதியின் வேலைதான். இந்த இரண்டுக்கும் பயப்பட ஒன்றுமில்லை.

282 கால்சியம் புரொப்பியோனேட். பூசணம் பிடிக்காமல் காப்பது இதுதான். ஈஸ்ட்டை அதிகம் தொடாமல் பூசணத்தை மட்டும் தடுக்கும் என்பதால் பிரெட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேக்கில் ஈஸ்ட் கிடையாது, அதனால் அங்கே 200, 202 என்று சோர்பிக் வகையைப் பார்ப்பீர்கள். நாம் சாப்பிடும் நார்ச்சத்தைக் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் உடைக்கும்போதே நம் வயிற்றில் புரொப்பியோனிக் அமிலம் உண்டாகிறது. உடம்புக்கு அது அந்நியமில்லை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, 282 இல்லாத பிரெட் மூன்றாம் நாள் பச்சை பூத்துவிடும். அந்தப் பூசணத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதுதான் பிள்ளைக்கு நிஜமான கெடுதல். அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

அடுத்தது 471, 481. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துக் கட்டும் பொருட்கள். 481 மாவைத் தாங்கிப் பிடிக்கும், 471 ஸ்டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பிரெட் விறைக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆறாம் நாளும் பிரெட் பஞ்சு மாதிரி அமுங்குகிறதே, அதற்குக் காரணம் இவைதான். இங்கே மட்டும் மாமியார் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். பிரான்ஸில் பெருந்திரளான மக்களின் சாப்பாட்டை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து பார்த்த ஆய்வொன்று 2024-இல் வந்தது. 471 வகையை அதிகம் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருந்ததாக அதில் கண்டார்கள். அது தொடர்பு மட்டும்தான், காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாக்கெட் உணவு நிறையச் சாப்பிடுபவர்களின் வாழ்க்கையில் வேறு பல காரணங்களும் கலந்திருக்கும். இரண்டு துண்டு பிரெட்டுக்காகப் பதற வேண்டாம். ஆனால் காலையில் பிரெட், இடைவேளைக்கு கிரீம் பிஸ்கட், சாயங்காலம் பாக்கெட் கேக், ராத்திரி ஐஸ்கிரீம் என்று நாள் முழுக்க இதே எண் வந்துகொண்டே இருந்தால், அதைக் குறைக்கத்தான் வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் பிரெட், மீதி நாள் இட்லியோ தோசையோ என்று பழக்குங்கள். பாக்கெட்டில் எண்களுக்கு முன்னால் பொருட்களின் வரிசையைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும் என்பது சட்டம். மைதாவுக்கு அடுத்தபடியாகவே சர்க்கரை நின்றால் அந்த பிரெட்டைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு விடியற்காலையிலேயே போய்விடுவேன். டீயும் பன்னும்தான் காலை ஆகாரம். கண்ணாடி ஜாடியில் இருக்கும் அந்த பன்னில் எந்த எண்ணும் கிடையாது. அப்படியென்றால் பாக்கெட் பிரெட்டை விட அது நல்லதுதானே?
*– வாசகர், காசிமேடு*

பதில்: லேபிள் இல்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது அண்ணா. அதைப் படிக்க வழியில்லை, அவ்வளவுதான்.

எங்கள் நைனா வேலை பார்த்த இடத்தில் மாவு பிசையும் தொட்டிக்கு மேலே ஒரு பலகை. அதில் ஒரு பழைய பால் பவுடர் டப்பா. உள்ளே உப்பு மாதிரி வெள்ளைத் தூள். மாவு மூட்டை பிரித்ததும் நைனா மூன்று விரலால் அதை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார். தராசு கிடையாது, கைக்கணக்குதான். அவசரமான நாளில் சிட்டிகை பெரிசாகும். அந்தத் தூள் போட்ட நாளில் பிரெட் அச்சுக்கு மேலே குடை மாதிரி எழும்பி நிற்கும். 'பவுடர்' என்றுதான் சொல்வார்கள், பெயர் யாருக்கும் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது லேபிளைப் பார்த்தேன்: பொட்டாசியம் புரோமேட்.

அன்றைக்கு அது அனுமதிக்கப்பட்ட பொருள், நைனா தப்பொன்றும் செய்யவில்லை. சரியான அளவில் போட்டு நன்றாகச் சுட்டால் அது கெடுதல் இல்லாத புரோமைடாக மாறிவிடும் என்பதுதான் கணக்கு. அளவு கூடினாலோ, உள்ளே சரியாக வேகாவிட்டாலோ மிச்சம் தங்கிவிடும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்து 1990-லேயே தடை செய்துவிட்டது. நம் நாட்டில் 2016 மே மாதம், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லியில் 38 பிரெட், பன் மாதிரிகளைப் பரிசோதித்து, நூற்றுக்கு 84-இல் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாக வெளியிட்ட பிறகுதான் அசைந்தார்கள். அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதற்கு முன்னே எத்தனை வருடம் சாப்பிட்டோம் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது கனக்கிறது.

கொருக்குப்பேட்டை வாசகியின் கணவர் 'அரசாங்கம் அனுமதித்தது' என்று சொன்னதற்கும் இதையே பதிலாகச் சொல்வேன். அனுமதி மாறும். அனுமதி இருந்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பன்னுக்கு வருவோம். டீக்கடைக்காரரிடம் பன் எந்த பேக்கரியிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். பகல் வேளையில் போய் மாஸ்டரிடம், 'என்ன இம்ப்ரூவர் (மாவை வலுப்படுத்தி உப்ப வைக்கும் தூள்) போடுறீங்க, பாக்கெட்டைக் காட்டுங்க' என்று கேளுங்கள். கம்பெனிப் பெயரும் உணவு உரிம எண்ணும் அச்சடித்த பாக்கெட்டை எடுத்துக் காட்டினால் நிம்மதியாகச் சாப்பிடலாம். பெயரில்லாத கவரில் வெள்ளைத் தூள் என்றால் பன்னை மாற்றுங்கள். அன்றன்றைக்குச் சுட்டு அன்றன்றைக்கே தீர்ந்துவிடும் பன்னுக்கு 282 தேவையே இல்லை. ஜாடியில் மூன்று நாள் கிடந்தும் பூக்காத பன்னைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் மைதாவில் 'அலோக்சான்' கலக்கிறார்கள், அதனால்தான் சர்க்கரை நோய் வருகிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?
*– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

பதில்: அலோக்சானை மைதாவில் யாரும் கொட்டிக் கலப்பதில்லை. பரிசோதனைக் கூடத்தில் எலிகளுக்கு ஊசியில் ஏற்றிச் சர்க்கரை நோயை வரவழைக்கும் பொருள் அது, அங்கிருந்து கிளம்பிய கதை. மாவை வெளுக்கப் போடுவது பென்சாயில் பெராக்சைடு போன்றவை. சர்க்கரை உள்ளவர்கள் மைதாவைக் குறைக்க அலோக்சான் தேவையில்லை. தவிடு போன மாவு ரத்தத்தில் சட்டென்று சர்க்கரையை ஏற்றும், அந்தக் காரணம் ஒன்றே போதும்.

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். உங்கள் கட்டுரையைப் படித்து ஆசையாக கோதுமை பிரெட் சுட்டேன். எந்தக் கலப்பும் இல்லை. முதல் நாள் அருமை. இரண்டாம் நாள் மாலை ஏதோ பழ வாசனை அடித்தது. வெட்டிப் பார்த்தால் நடுவில் பிசுபிசுப்பு. பூசணம் எதுவும் இல்லை. கலப்பில்லாத வீட்டு பிரெட்டுக்கு ஏன் இப்படி?
*– வாசகி, பெரம்பூர்*

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மூக்கில் அந்த வாசனை வந்துவிட்டது. நன்றாகப் பழுத்து ஒரு நாள் தாண்டிய அன்னாசி வாசனை, சரிதானே?

வகுப்பு ஆரம்பித்த புதிதில் பக்கத்துத் தெருவில் ஒரு காதணி விழாவுக்கு 12 பிரெட் கேட்டார்கள். கத்திரி வெயில் நேரம். ராத்திரி முழுக்கச் சுட்டு, விடியற்காலையில் சூடு ஆறுவதற்குள்ளேயே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை அந்த அம்மா ஒரு பிரெட்டைத் திருப்பிக் கொண்டு வந்தார். இரண்டாகப் பிய்த்துப் பிரித்தேன். இரண்டு பாதிக்கும் நடுவே சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் இழுத்துக்கொண்டு வந்தன. பழுப்பு நிறத்தில் சில இடம் கசிந்திருந்தது. மேலே பார்த்தால் பொன்னிறமாக, பழுதே இல்லாத பிரெட். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றைக்கு முழுக்க அழுதேன்.

இந்த நூல் உங்களுக்குத் தெரியாததில்லை. மெதுவடை மிஞ்சி மறுநாள் பிய்த்தால் நூல் விடும், 'ஊசிப்போச்சு' என்று கொட்டிவிடுவோம். அதே மாதிரிதான் இதுவும். மண்ணிலும் தானியத்திலும் இருக்கும் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்து மாவோடு வரும். பிரெட் அடுப்பில் 200 டிகிரி என்றாலும், பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தொடாது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும், இந்த வித்து சாகாது. அப்புறம் வெளியே 35 டிகிரி வெயில், உள்ளே ஈரம், கவரைக் கட்டிவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். மைதாவை விட கோதுமை மாவில் இது அதிகம் வரும், ஏனென்றால் வித்து தவிட்டில்தான் ஒட்டியிருக்கும்.

கடை பிரெட் ஊசிப்போகாமல் இருப்பதற்கும் அதே 282-தான் காரணம். அதை வேண்டாம் என்று சொல்கிற நாம், அது செய்யும் வேலையை வேறு விதமாகச் செய்தாக வேண்டும். அந்தப் பாக்டீரியாவுக்குப் புளிப்பு பிடிக்காது. அரை கிலோ மாவுக்கு 2 டீஸ்பூன் வினிகர் சேருங்கள், அல்லது தண்ணீரில் கால் பங்குக்குப் பதில் புளித்த தயிர் விடுங்கள். இன்னும் நல்ல வழி, மாவில் மூன்றில் ஒரு பங்கை முதல் நாள் ராத்திரியே துளி ஈஸ்ட் போட்டுக் கரைத்துப் புளிக்க விடுவது. இட்லி மாவு புளிக்க வைத்தே வளர்ந்த கைக்கு இதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சுட்டதும் கம்பி வலை மேல் வைத்து மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறும் முன் கவரைத் தொடவே தொடாதீர்கள். பிசையும் மேடை, தட்டு, கத்தி எல்லாவற்றையும் வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பிரெட்டிலும் வரும். ஊசிப்போனதை நாய்க்கும் போடாதீர்கள்.

அப்புறம், மீந்த பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பூசணம் தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குளிரில் ஸ்டார்ச் வேகமாக இறுகி, வெளியே வைத்ததை விடச் சீக்கிரம் வறண்டுவிடும். துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லுக்கு எடுங்கள்.

கேள்வி: டாக்டர் பிரவுன் பிரெட் சாப்பிடச் சொன்னார். விலை அதிகம் கொடுத்து வாங்குகிறேன். உண்மையிலேயே கோதுமைதானா?
*– வாசகர், புளியந்தோப்பு*

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் 150 என்று தொடங்கும் எண் இருந்தால் அது கேரமல், அதாவது தீய்த்த சர்க்கரை நிறம். மைதாவிலேயே பழுப்பு பிரெட் சுட்டுவிடலாம். பட்டியலில் முதல் பெயர் முழு கோதுமை மாவா, அதற்குப் பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா, இதைப் பாருங்கள். 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்று இருந்தால் அது மைதாவுக்கு இன்னொரு பெயர். டாக்டர் கேட்டது தவிட்டை, நிறத்தை இல்லை.

கேள்வி: திருவொற்றியூரில் வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து விற்கிறேன். 'கெமிக்கல் இல்லாத ஹோம்மேட் கேக்' என்றுதான் போடுகிறேன். பிரிசர்வேட்டிவ் எதுவும் சேர்ப்பதில்லை, கேக் ஜெல் மட்டும்தான். அப்படிப் போடுவது தவறா?
*– வாசகி, திருவொற்றியூர்*

பதில்: உண்மையைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்டுகிறேன். ஆம், தவறுதான் தங்கச்சி. கேக் ஜெல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 471-ம் அதன் உறவுக்காரர்களும்தான் முழுக்க. ஆறு முட்டையை கை வலிக்க அடித்து நுரை வர வைக்கும் வேலையை, மூன்று முட்டையும் கொஞ்சம் தண்ணீரும் ஒரு ஸ்பூன் ஜெல்லும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடும். மாவு வெள்ளையாகப் பொங்கி இரண்டு மடங்காகும். அனுமதிக்கப்பட்ட பொருள்தான், சேர்ப்பது குற்றமில்லை. முட்டைக்கும் உழைப்புக்கும் பதிலாக அது வந்திருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். 'பிரிசர்வேட்டிவ் சேர்க்காத கேக்' என்று போடுங்கள், அது உண்மை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள், வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அது கட்டாயம்.

என் கவலை ஜெல்லை விட நிறங்களைப் பற்றித்தான். சௌகார்பேட்டைப் பக்கம் பொட்டலம் போட்டு விற்கும் கலர்ப் பொடியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்ததால்தான். அதே இளஞ்சிவப்பு, கேக் கிரீமிலும் வரலாம். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் என்றாலும் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்கு, நாக்கு சிவக்கும் ரெட் வெல்வெட் வராது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் 2007-இல் நடந்த ஆய்வில், 102, 110, 122 உட்பட ஆறு நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்த குழந்தைகளில் சிலர் கூடுதலாகத் துறுதுறுத்தார்கள். 2010 முதல் ஐரோப்பாவில் அந்த நிறங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். உங்கள் கேக்கைச் சாப்பிடுவதெல்லாம் குழந்தைகள். பீட்ரூட் சாற்றை வற்றக் காய்ச்சி கிரீமில் கலந்து பாருங்கள். கேக் மாவில் கலந்தால் அடுப்புச் சூட்டிலும் சோடா உப்பிலும் பழுப்பாகிவிடும், கிரீமுக்குத்தான் அது சரி. நிறம் வெளிறித்தான் இருக்கும். வாடிக்கையாளரிடம் ஏன் வெளிறியிருக்கிறது என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: மகளுக்கு வீசிங் உண்டு. பிஸ்கட்டில் 223 இருந்தால் கொடுக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
*– வாசகி, மணலி*

பதில்: 223 சோடியம் மெட்டாபைசல்பைட். மெல்லிய பிஸ்கட்டுக்கு மாவு சுருங்காமல் விரிய வேண்டும் என்பதற்காகப் போடுவார்கள். சுடும்போது பெரும்பகுதி போய்விடும், கொஞ்சம் மிஞ்சும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளாது, எல்லோருக்கும் அல்ல. அதனால்தான் அளவுக்கு மேல் இருந்தால் லேபிளில் சல்பைட் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று விதி. மூன்று வாரம் 223 இல்லாத பிஸ்கட்டாகக் கொடுத்து, வீசிங் வந்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உலர்ந்த ஆப்ரிகாட், திராட்சை வகைகளில் சல்பைட் பிஸ்கட்டை விட அதிகம் இருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: ராயபுரத்தில் எங்கள் பாட்டி நவம்பரிலேயே பிளம் கேக் செய்து டின்னில் போட்டு வைப்பார். கிறிஸ்துமஸ் தாண்டியும் கெடாது. எந்த எண்ணும் அதில் இல்லையே, எப்படி?
*– வாசகி, ராயபுரம்*

பதில்: பாட்டியின் கேக்கில் பாதி எடை திராட்சையும் பழத்தோலும் சர்க்கரையும்தானே. அவை தண்ணீரைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். பூசணத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. ஊறுகாயில் உப்பு செய்வதை இங்கே சர்க்கரை செய்கிறது, ரம் அதற்குத் துணை. கடையில் அலமாரியில் வாரக்கணக்கில் கிடக்கும் ஸ்பாஞ்ச் கேக்கிலோ பழம் இல்லை, காற்றும் ஈரமும்தான், அதனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் 420, 422, பூசணத்தைத் தடுக்கும் 202 எல்லாம் வந்தாக வேண்டும். பாட்டி கேக்கை மெல்லிய துண்டாக வெட்டிக் கொடுத்திருப்பார். அப்படித்தான் சாப்பிட வேண்டும், அத்தனை சர்க்கரை.

கேள்வி: பஃப்ஸில் டால்டா இருக்கிறது, இதயத்துக்கு ஆகாது என்கிறார்கள். இப்போதும் அப்படித்தானா?
*– வாசகர், வியாசர்பாடி*

பதில்: முன்னைக்கு இப்போது தேவலை. வனஸ்பதி தயாரிக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்புதான் வில்லன். எண்ணெய், கொழுப்புகளில் அது 2021-இல் நூற்றுக்கு 3-க்கு மேல் கூடாது என்றும், 2022 ஜனவரி முதல் 2-க்கு மேல் கூடாது என்றும் சட்டம் வந்தது. அதன் இடத்துக்கு பாமாயில் வகைக் கொழுப்பு வந்திருக்கிறது. டிரான்ஸ் போனாலும் நிறைவுற்ற கொழுப்பு அப்படியே இருக்கிறது, தினமும் சாப்பிடும் பண்டமில்லை. வகுப்பில் ஒரு சோதனை சொல்லிக் கொடுப்பேன். பஃப்ஸைச் சாப்பிட்டுவிட்டு நாக்கை மேல் அண்ணத்தில் தடவிப் பாருங்கள். வெண்ணெய் நம் வாய்ச் சூட்டிலேயே உருகி ஓடிவிடும். மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றால், அது வெண்ணெய் இல்லை, பலகையில் 'பட்டர் பஃப்ஸ்' என்று எழுதியிருந்தாலும்.

கேள்வி: அடுப்பு (ஓவன்) வாங்க வசதியில்லை. குக்கரில், மறுநாளும் மெத்தென்று இருக்கிற மாதிரி பால் பன் செய்ய முடியுமா? பிள்ளையின் டிபன் பாக்ஸுக்கு.
*– வாசகி, வியாசர்பாடி*

பதில்: முடியும். மெத்தென்று இருக்க 471-க்குப் பதிலாக நம்மிடம் கூழ் இருக்கிறது.

250 கிராம் மைதா எடுங்கள். 50 கிராம் வரை கோதுமை மாவாக மாற்றிக்கொள்ளலாம். அதிலிருந்து 20 கிராம், அதாவது குவித்து இரண்டு டேபிள்ஸ்பூன், தனியாக எடுத்து 100 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கூழ் மாதிரி கெட்டியாகும் வரை கிளறி ஆறவிடுங்கள். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பன் மறுநாளும் விறைக்காது. மீதி மாவில் சர்க்கரை 25 கிராம், உப்பு 4 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் கலந்து, கூழையும், வெதுவெதுப்பான பால் 60 முதல் 75 மில்லியும் விட்டுப் பிசையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வெண்ணெய் 25 கிராம் சேர்த்து மறுபடி பத்து நிமிடம் பிசைய வேண்டும். முதலில் கையில் ஒட்டும், மாவு சேர்க்காதீர்கள், பிசையப் பிசைய விட்டுவிடும். ஒரு துணுக்கை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் கிழியாமல் மெல்லிய ஜவ்வு மாதிரி விரிய வேண்டும். மூடி வைத்தால் நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். ஆறு உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் நெருக்கமாக அடுக்கி, இன்னும் 40 நிமிடம் விடுங்கள்.

அடி கனமான குக்கரில் ரப்பரையும் விசிலையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு டம்ளர் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிடம் காய விடுங்கள். பன் தட்டை உள்ளே இறக்கி, சிறு தீக்கும் மிதமான தீக்கும் நடுவில் 25 முதல் 30 நிமிடம். மேலே சிவக்காது. தோசைக்கல்லைக் காய வைத்து அரை நிமிடம் கவிழ்த்துப் போட்டால் நிறம் வந்துவிடும். எடுத்ததும் கொஞ்சம் பால் தடவி, ஈரத் துணியைப் பிழிந்து மூடி ஆறவிடுங்கள். காலையில் டிபன் பாக்ஸில் வைக்கும் முன் ஒன்றை இரண்டாகப் பிய்த்து முகர்ந்து பாருங்கள். பாலும் ஈஸ்ட்டும் மணந்தால் வைக்கலாம், பழ வாசனை வந்தால் வேண்டாம்.